நீலக் குப்பியின் உட்சுவர்

1

ஆடி பிறந்தால் யாங்கோனில், நீங்கள் ரங்கூன் என்பீர்களே, எல்லாம் நமுத்துப்போகும். தீப்பெட்டி உரசாது. உப்பு ஜாடிக்குள்ளேயே ஒழுகும். அலமாரியில் மடித்து வைத்த வேட்டியில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். ஊரில் இருக்கிற உங்களுக்கு ஆடி என்றால் காற்றும் கூழும் தள்ளுபடிக் கடையும். எங்கள் வீட்டில் ஆடி என்றால் சரவணனின் திதி. இந்த வருஷத் திதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் இன்னும் தணியவில்லை, அதனால் கோர்வையாக வருமா என்று தெரியாது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சிதம்பரத்துக்குப் பக்கத்து ஆள். ரசாயனம் படித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு பாட்டில் ஆலையின் சோதனைக்கூடத்தில் தொழில் கற்றேன். இரண்டு மூன்று வருஷம் சம்பாதித்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று இங்கே ஒரு பாட்டில் ஆலைக்கு வந்தேன். வந்தவன் செல்வியைக் கட்டிக்கொண்டு யாங்கோனிலேயே தின்கன்ஜூன் என்கிற பேட்டையில் குடியேறிவிட்டேன். செல்வி இந்த ஊர்த் தமிழச்சி. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த கொள்ளுத்தாத்தாவின் குடும்பம். வீட்டில் அவள் செல்வி, பாடம் நடத்துகிற பள்ளியில் பர்மியப் பெயரில் டோ தாண்டா, தாண்டா அம்மா என்கிற மாதிரி. எங்கள் ஒரே மகள் வீட்டில் கயல், வெளியே சூ சூ. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியில் பதில் சொல்வாள். சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும், வாய்தான் வராது.

செல்வியின் அண்ணன் மாரிமுத்து, எனக்கு மச்சான். இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய மூத்த மகன்தான் சரவணன். கயலை சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றியவன். கயல் அவனைக் 'கோகோ' என்பாள், அதாவது அண்ணன். மாமன் மகனை அண்ணன் என்கிறாளே, முறை கெட்டுப்போச்சே என்று நான் முனகுவேன். "உங்க முறையை உங்க ஊர்லயே வெச்சுக்குங்க" என்பாள் செல்வி. அவன் கொரோனாவில் போய்விட்டான். இருபது வயசைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை.

அப்போது நான் இங்கே இல்லை. தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் விமானம் நின்றுபோனது. பிறகு என் தங்கும் அனுமதி காலாவதியானது. அதைப் புதுப்பிக்க நான் யாங்கோனில் இருக்க வேண்டும் என்றார்கள், யாங்கோனுக்கு வர அந்த அனுமதி வேண்டும் என்றார்கள். இங்கே இவர்கள் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மழையில் வரிசையில் நின்ற நாட்களில், நான் தங்கை வீட்டு மாடியில் உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் குழம்பின் ருசி ஞாபகம் இருக்கிறது பாருங்கள், அதுதான் கூச்சமாக இருக்கிறது.

2

திதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, கரண்ட் போன ஒரு சாயங்காலம். கயல் போனில் ஏதோ அருங்காட்சியகத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று என்னிடம் திரும்பி, "அப்பா, இது நம்ம சாமி அலமாரியில இருக்கிற பாட்டில் மாதிரியே இல்ல?" என்று பர்மியில் கேட்டாள்.

எனக்கு ஒரு நிமிஷம் நம்பவே முடியவில்லை. வளர்ந்த பெண். நான் ஊரில் மாட்டிக்கொண்டு திரும்பியதிலிருந்து என்னிடம் அவள் கேட்டதெல்லாம் போன் டேட்டாதான். என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி! தலைகால் புரியவில்லை எனக்கு.

சாமி அலமாரியில் முருகனும் புத்தரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சின்ன நீலக் குப்பி, உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்பு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக நெளிநெளியான கோடு. சூயஸ் வழியாக வந்த கப்பலில் ஒரு வெள்ளைக்காரர் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது என்றும், எகிப்து ராஜா காலத்துச் சாமான் என்றும் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமான புதிதில் அது மச்சான் வீட்டில் இருந்தது, அதில் ஒரு பிளாஸ்டிக் பூ செருகியிருந்தார்கள். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது வீடியோவில் இருந்த குப்பியைப் பார்த்தால் அச்சு அசல் அதே நெளிவு.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளுக்கு எகிப்துக் கண்ணாடி பாடம் நடத்தினேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதத் தெரியாது. ஒரு கம்பியின் நுனியில் களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து குப்பியின் வடிவத்துக்கு ஒரு கரு செய்வார்கள். அதன் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள். அது சூட்டோடு இருக்கும்போதே மஞ்சளும் வெள்ளையுமாகக் கண்ணாடி இழைகளைச் சுற்றி, ஒரு கூரிய முனையால் மேலும் கீழும் இழுத்தால் அந்த நெளிவு வரும். வழுவழு கல்லில் உருட்டிச் சமன் செய்து, மெதுவாக ஆறவிட்டு, கடைசியில் உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். முழுசாக வராது. இத்தனை ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் பழைய குப்பிகளின் அடியில் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டிருக்கும். உட்சுவர் சொரசொரவென்று இருக்கும்.

சரக்கு என்னவென்று பார்த்தால், இன்றைக்கு நாங்கள் பீர் பாட்டிலுக்குப் போடுகிற அதே மூன்றுதான்: மணல், சோடா, சுண்ணாம்பு. மணலுக்குப் பதில் அவர்கள் வெங்கச்சங்கல்லை, அந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை, இடித்துப் பொடியாக்கினார்கள். சோடாவுக்கு உவர் நிலத்துச் செடிகளை எரித்த சாம்பல். எங்கள் பிச்சாவரம் பக்கம் உமரி முளைக்குமே, அந்த ஜாதிச் செடிகள். செடிச் சாம்பல் என்பதால் கண்ணாடியில் மெக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். பின்னால் வந்தவர்கள் வற்றிய ஏரிகளில் படிந்த உப்பை வெட்டி எடுத்தார்கள். நம் வண்ணார்களின் உவர்மண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த இரண்டும் குறைவு. கருநீலத்துக்குக் கோபால்ட், இளநீலத்துக்குச் செம்பு. ஆன்டிமனியோடு ஈயம் சேர்ந்தால் மஞ்சள், சுண்ணாம்பு சேர்ந்தால் வெள்ளை. எந்தச் சரக்கு எவ்வளவு என்று அளந்துவிட்டால் எந்தக் காலத்துக் கண்ணாடி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கயல் குப்பியை எடுத்துவந்து டார்ச் அடித்தாள். வாய் தேன்மெழுகால் அடைத்திருந்தது. மெழுகின் ஓரத்தில் ஒரு கீறல். அதன் வழியே பார்த்தால் உள்ளே காய்ந்த பழுப்பு மண்.

"கரு!" என்று கத்தினேன். "கயல், உள்ளே கரு இருக்குடி!"

மெழுகை யார் அடைத்தது, எதற்கு அடைத்தது என்று ஒரு கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தர் கித்தர் வைத்திருப்பார்கள் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

3

சனிக்கிழமை செல்வி இன்சீனுக்குப் போய்விட்டாள். சரவணனின் தங்கை மீனாவுக்கு ஆவணியில் கல்யாணம், புடவை எடுக்கிற வேலை. நான் கயலையும் குப்பியையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனேன். செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும், "உங்க வீட்டுக் குப்பி மூவாயிரம் வருஷப் பழசு" என்று சொல்லி அசத்த வேண்டும் என்று இருந்தேன்.

சோதனைக்கூடத்தில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி இருக்கிறது. பொருளின் மேல் வைத்து அழுத்தினால் அதில் இருக்கிற தனிமங்களைத் திரையில் காட்டும். நியாயப்படி முதலில் கண்ணாடியின் மேல் வைத்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பையன்கூட அப்படித்தான் செய்வான். ஆனால் மகள் கையால் ஏதாவது செய்யட்டும், அவளுக்கு ருசி பிடிக்கட்டும் என்று எனக்கு ஆசை. வாயிலிருந்த மெழுகைப் பெயர்த்துவிட்டு, "நீ கருவைச் சுரண்டு" என்று ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு பொறுமையாகச் சுரண்டினாள். மண் கட்டிகட்டியாக வந்தது. நடுநடுவே சாம்பல் நிறத்தில் பொடி. அதில் ஒரு கரண்டி எடுத்துக் கல்வத்தில் அரைத்து, சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டுக் கருவியை வைத்தேன். களிமண்ணுக்கு உரியதெல்லாம் வந்தது. அதோடு கால்சியமும் பாஸ்பரஸும் ஏராளமாக வந்தன.

"பாஸ்பரஸ் எங்கேருந்துப்பா?"

"சாணம்! சொன்னேன்ல, சாணம் பிசைவாங்கன்னு."

"எகிப்து மாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பியைக் குழாய்க்குக் கொண்டுபோனாள். மீதி மண்ணையெல்லாம் தண்ணீர் விட்டு அலசினாள். பழுப்புத் தண்ணீர் தொட்டியில் சுழன்று சாக்கடைக்குப் போனது. நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் குலுக்கு, அடியில் இருக்கு பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பாவும் மகளுமாக இருந்தோம். அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் மீதி புரியாது.

கழுவிய குப்பியை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "உள்ளே வழவழன்னு இருக்குப்பா. சொரசொரன்னு இருக்கும்னீங்க?"

வாங்கிப் பார்த்தேன். உட்சுவர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு, ஒரு குழி இல்லை. ஊதிச் செய்த கண்ணாடி. மண் கருவே இல்லாமல் பிறந்தது. மஞ்சள் கோட்டில் கருவியை வைத்தேன். ஆன்டிமனி இல்லை, காட்மியம் இருந்தது. அந்த மஞ்சளெல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்துக்குச் சற்று முன்னால்தான் கண்ணாடிக்கு வந்தது. மெக்னீசியம் பெயருக்கு இருந்தது. எகிப்தாவது மண்ணாங்கட்டியாவது. துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு விற்கிற சுற்றுலாச் சாமான்.

"போலியா?" என்று கயல் உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்குப் போலி பற்றிக் கவலையே இல்லை. கருவே இல்லாத குப்பிக்குள் மண் எப்படி வந்தது? யாரோ வைத்திருக்கிறார்கள். வைத்து மெழுகால் அடைத்திருக்கிறார்கள். சாணத்தை யாராவது சாமி அலமாரியில் அடைத்து வைப்பார்களா? திரையில் கால்சியமும் பாஸ்பரஸும் அப்படியே நின்றன. பால் வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு காலத்தில் எலும்புச் சாம்பல் போடுவோம். மூட்டை மூட்டையாகச் சோதித்திருக்கிறேன். அந்த இரண்டும் அந்த அளவில் சேர்ந்து வந்தால் என்னவென்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கல்வத்தைத் துடைத்து எடுத்ததையும் கிண்ணத்தில் போட்டு மூடியை இறுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கயல் பசிக்கிறது என்றாள். மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா வாங்கிக் கொடுத்தேன். என் பங்கையும் அவள் பக்கமே தள்ளினேன்.

4

செல்வி புடவைப் பையோடு வந்தாள். அலமாரியைப் பார்த்ததும் நின்றாள். குப்பி மெழுகில்லாமல் வெறும் கண்ணாடியாக மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"உள்ளே இருந்தது எங்க?"

கயல்தான் உற்சாகமாகப் பர்மியில் எல்லாவற்றையும் சொன்னாள். சுரண்டியது, அலசியது, எகிப்து மாடு, எல்லாம். செல்வி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது சரவணன்" என்றாள்.

செல்வி சொல்லித்தான் முழுசும் தெரிந்தது: கொரோனா வந்த அந்த மழைக்காலத்தில் யாரும் வீட்டை விட்டு இறங்க முடியாது. பிணம் தூக்கும் தொண்டுக்கு வந்த பையன்கள் சரவணனைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போனார்கள். மச்சான் பின்னாலேயே தெருமுனை வரை ஓடியிருக்கிறார். அதற்கு மேல் விடவில்லை. ஒரு சில நாள் கழித்து ஒரு சின்னப் பொட்டலம் சாம்பலை வாசல் கேட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆற்றுக்குப் போய்க் கரைக்க வழியில்லை. ஈரத்தில் சாம்பல் குழைய ஆரம்பித்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து காய் கொண்டுவருகிற ஒருவரிடம் சொல்லி ஒரு கை ஆற்றுமண் வாங்கி, அதோடு பிசைந்து, வீட்டிலேயே ரொம்பப் பழைய சாமானான இந்தக் குப்பியில் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஆற்றில் விட முடியாவிட்டாலும் ஆற்றுமண்ணோடு இருக்கட்டும் என்று. மச்சான் மனைவிக்கு அதை வீட்டில் வைத்துப் பார்க்கத் தெம்பில்லை. அதனால் குப்பி எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது. குழந்தை பயப்படும் என்று கயலிடம் சொல்லவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"போன்ல சொன்னேனே. அழுதுகிட்டே சொன்னேன். 'சரி, பத்திரமா வெச்சுக்க'ன்னீங்க."

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

கயல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்று, "உன் தப்பு இல்லம்மா, அப்பா தப்பு" என்று எத்தனை தடவை சொன்னேனோ. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை, திதி அன்னைக்கு, அண்ணன் அதைக் கரைக்கப் போகுது" என்றாள் செல்வி. "இத்தனை வருஷம் மாட்டேன்னுச்சு. மீனா கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்னு அண்ணிதான் ஒத்தைக் கால்ல நின்னாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

அந்த ஒரு வாரம் ஒரு கெட்ட யோசனையும் வந்தது, மறைக்க விரும்பவில்லை. களிமண்ணும் எலும்புச் சாம்பலும் எனக்குக் கிடைக்காத பொருளா? பிசைந்து அடைத்து மெழுகு வைத்தால் அந்த மனுஷருக்கு என்ன தெரியப்போகிறது? ஆலைக்குக் குப்பியை மறுபடி எடுத்துப்போகக்கூடச் செய்தேன். அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. செல்வி சமையலுக்காக இன்சீனில் அண்ணியோடு இருந்துவிட்டாள். கயல் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

டாலா போகிற படகுத்துறையில் மச்சான் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். லுங்கியை மடித்துக் கட்டி, வாழை இலையில் எள்ளும் பூவும் பொதிந்து, அதன் மேல் மழை படாமல் தன் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"கொண்டாந்தியா மாப்ளே?"

படகு கிளம்பட்டும் என்று இருந்தேன். கூட்டமில்லாத பின்பக்கம் போய் நின்றோம். கரை நகர்ந்ததும் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன். குப்பி, கரு, சுரண்டியது, கழுவியது, சாக்கடை. ஒன்றையும் குறைக்கவில்லை. கயல் சுரண்டினாள் என்பதை மட்டும் நான் சுரண்டினேன் என்று சொன்னேன். "மன்னிச்சிடுங்க மச்சான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல போட்டியா?"

"போட்டேன்."

"என்னன்னு வந்துச்சு?"

"எலும்புச் சாம்பல்னு வந்துச்சு மச்சான்."

"எலும்பு சரி." அவர் என் பக்கம் திரும்பினார். "என் புள்ளையோடதுதான்னு வந்துச்சா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "அப்ப மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு மாப்ளே. வரிசை கிரிசை ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் பொட்டலத்தை வெச்சப்ப பேரு கேட்டேன். தெரியாதுன்னுட்டான். யாரு வீட்டுப் புள்ளையோ, அவங்க அப்பன் தேடிட்டு இருப்பானோ, நான் பாட்டுக்கு எடுத்து ஆத்துல விட்டுட்டா? அதான் இத்தனை வருஷமா விடல. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல இதை. நீ படிச்சவன். உன் மெஷின் சொல்லியிருக்கும்ல?"

கருவிக்குக் கால்சியம் தெரியும், பாஸ்பரஸ் தெரியும். அது மனுஷ எலும்பா ஆட்டெலும்பா என்றுகூட அதற்குத் தெரியாது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு எண்ணைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. முதலாளியே கேட்டும் எழுதியதில்லை.

"ஆமா மச்சான்" என்றேன். "சரவணன்தான்."

அவர் என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. முகத்தையே பார்த்தார். பிறகு கயலைப் பார்த்தார். "ஏ குட்டி, நீயும் கூட இருந்தியா? பாத்தியா?"

கயலுக்குத் தெரியும். அந்தத் திரையில் வந்த ஒவ்வொரு எழுத்தையும் என்னோடு சேர்ந்து படித்தவள் அவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தேன் மாமா" என்றாள் தமிழில். "நம்ம கோகோதான்."

மச்சான் உடைந்துபோனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து, எள்ளையும் பூவையும் போட்டு, கிண்ணத்தைத் திறந்து காற்றுக்குக் கையால் அணை கட்டி மெதுவாகக் கவிழ்த்தார். ஒரு கரண்டிச் சாம்பல், கண் சிமிட்டுவதற்குள் தண்ணீரோடு போய்விட்டது. "போய் வாடா கண்ணு" என்றார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் மாப்ளே. நீ அதைத் திறக்கலேன்னா எனக்குச் சாகுறவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் ஒரு கையை விடவில்லை. இன்னொரு கையால் போனை எடுத்து இன்சீனுக்குப் போட்டார். "ஏய், நம்ம புள்ளைதான். ஆமா. மாப்பிள்ளை மெஷின்ல பாத்துட்டாரு. அட, சத்தியமாத்தான். இந்தா, நீயே கேளு." போனை என் காதில் வைத்தார்.

அந்தப் பக்கம் சரவணனின் அம்மா, "அண்ணே, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. அவருகிட்டச் சொல்லல. நெசமாவாண்ணே?" என்றார்.

"நெசமாத்தாம்மா" என்றேன்.

இதைச் சொல்ல இங்கே எனக்கு ஆள் இல்லை. செல்வியிடம் சொன்னால் அண்ணனிடம் போய்விடும். கயலிடம் பேசப் போனால் எழுந்து போய்விடுகிறாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். எழுதுவதற்கும் பயமில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. கயலுக்கு எழுத்து சொல்லித் தரவில்லையே என்று வருஷக்கணக்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அவள் இதைப் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.